மடுக்காட்டில் எங்கள் கரை

ஊரில் இத்தனை பேர் இருக்க, அந்தப் படிவம் செய்கிற வேலை ஏன் என் மனைவியின் தலையில் வந்து விழுந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. றொசானா ஏ.எல். பரீட்சை வரை படித்தவள். கையில் நல்ல போன் வைத்திருக்கிறாள். யார் எது கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள். இது மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் ஊர் சும்மா விடுமா? கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் தோமஸ் அண்ணன் ஒருநாள் பின்னேரம் வந்து, போட்ட கதிரையில்கூட இருக்காமல், வாசலில் நின்றபடியே அவளைப் பிடித்துவிட்டார்.

“பிள்ளை, கரையில ஆர் ஆர் எங்க தொழில் செய்யினம் எண்டு கணக்கெடுக்கினமாம். ஊருக்கு ஒராள் வேணுமாம். உன்னை விட்டா எங்கட பக்கம் வேற ஆர் இருக்கினம்?”

“எனக்கு உதெல்லாம் தெரியாது அண்ணை.”

“பழக்குவினமாம். நீ போனில படம் பாக்கிற நேரத்தில செய்து முடிச்சிடலாம்.”

நான் இடையில் புகுந்து, “அப்ப ரெண்டு நாளில முடிஞ்சிடும்” என்றேன். றொசானா என்னை முறைத்தாள். அந்த முறைப்பிலேயே அவள் சம்மதித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் சிரிப்புக்குரியது இல்லை. எங்கள் ஊரான கீரியின் கரையில் எங்களுக்கு ஒரு பாடு இருக்கிறது. பாடு என்றால், கரைவலையை வளைத்துப் போட்டு இழுப்பதற்கென்று எங்களுக்கு உள்ள கடற்கரைத் துண்டு. ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் நடந்து முடித்துவிடலாம், அவ்வளவுதான். அதற்கு உறுதிப் பத்திரம் கிடையாது, வேலி கிடையாது. வலை தோமஸ் அண்ணனுடையது, அவர்தான் சம்மாட்டி. இழுக்கிற கைகள் எங்களுடையவை. எங்கள் அப்பாமார் அங்கே இழுத்தார்கள். சண்டைக் காலத்தில் விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் கூரை இல்லை, கரை மட்டும் அப்படியே கிடந்தது. மறுபடியும் இழுத்தோம். என் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

இப்போது அரசாங்கத்தில் மன்னார்த் தீவின் கரை முழுவதையும் படமாக வரைகிறார்களாம். தொழில் நடக்கிற கரைக்கு நீலம், சும்மா கிடக்கிற கரைக்கு மஞ்சள். மஞ்சள் அடித்த துண்டுகளை உல்லாசப் பயணிகளுக்கான திட்டங்களுக்குக் குத்தகைக்குக் கொடுப்பார்களாம். நாங்கள் கரையில் நிற்கிறோமா இல்லையா என்று ஒரு காலையில் வந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வந்து பார்க்கமாட்டார்களாம். நாங்கள்தான் போனில் சொல்ல வேண்டுமாம்.

மன்னார் ரவுனில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். றொசானா ஒரு துணிப்பையும், ஒரு பேனையும், பாதி சாப்பிட்ட சோற்றுப் பார்சலும், தலை நிறையப் புதுச் சொற்களுமாகத் திரும்பி வந்தாள். பழக்கியவர் நிஷாந்தி என்று ஒரு மிஸ். மலையகத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, ஒப்பந்தத்தில் வேலை செய்கிறாள், தங்கமான குணம் என்று றொசானா சொன்னாள். கேள்விகளைத் தாளில் கொடுத்திருந்தார்கள். அவற்றைப் படிவமாக்குவது அந்தந்த ஊர் ஆளின் பொறுப்பு. இதற்கு மக்கள் பங்களிப்பு என்று பெயராம். சம்பளம் இல்லாத வேலைக்கெல்லாம் இப்படி ஒரு வடிவான பெயர் வைத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுக்க எங்கள் வீட்டில் கறிக்கு உப்பு இருந்தால் புளி இல்லை. அந்தச் சின்னத் திரையில், இரண்டு கட்டைவிரல்களால், அவள் ஒரு அரசாங்கக் கந்தோரையே கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியைத் தொட்டுப் பிடித்து மேலே இழுப்பாள், அது நழுவிக் கீழே போய் விழும். திரும்ப இழுப்பாள். தமிழ் எழுத்துகளைத் தட்டும்போது போன் தன் பாட்டுக்கு வேறு சொல் போட்டுவிடும், பல்லைக் கடித்துக்கொண்டு அழிப்பாள். தொழில் என்ன என்று கேட்டு, கீழே கரைவலை, நண்டு வலை, களங்கண்ணி, கடலட்டை, கருவாடு என்று வரிசையாக விட்டாள். கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். மின்னஞ்சல் முகவரி கேட்கும் கேள்வியை எடுத்தே விட்டாள். எங்கள் ஊரில் யாரிடம் இருக்கிறது மின்னஞ்சல்?

செய்து பார்ப்பதற்கு நான்தான் ஆள். என் பெயரை றெனால்ட் என்று போட்டேன். அடையாள அட்டை இலக்கம் போட்டேன். கரைவலையைத் தொட்டேன்.

“இதில எந்தக் கரை, எந்தப் பாடு எண்டு ஒண்டும் கேக்கேல்லையே?” என்றேன்.

“அது தேவையில்லையாம். இடத்தைப் போன் தானா எடுக்குமாம். ஆக்கள் எழுதினா ஒரே இடத்தைப் பத்து விதமா எழுதுவினம், கணக்குக் குழம்பும் எண்டு மிஸ் சொன்னவ. இஞ்ச பாருங்கோ.”

அடியில் பொட்டு அளவில் ஒரு பச்சை அடையாளம். இடம் பதியப்பட்டது என்று எழுதியிருந்தது.

“போனுக்கு எப்பிடித் தெரியும்?”

“சட்டலைட்.”

சட்டலைட் என்று சொன்ன பிறகு மேலே கேட்க என்ன இருக்கிறது? நான் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு கரைக்குப் போய்விட்டேன். பரிசோதனைக்குப் போட்ட என் பதிலை அவள் அழித்துவிட்டாள். உண்மையானதைப் பிறகு எல்லோரோடும் சேர்த்துப் போடலாம் என்றாள்.

செய்து முடித்த படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஒருவரும் அசையவில்லை. ஆண்கள், தொழில் முடியட்டும் என்றார்கள். பெண்கள், அவர் வரட்டும் என்றார்கள். அடையாள அட்டை இலக்கம் என்றதும் எல்லோருடைய முகமும் மாறியது. கருவாடு போடுகிற மாக்கிறட் அக்கா ஒளிக்காமல் சொல்லிவிட்டா.

“இலக்கமும் பேரும் குடுத்த ஆக்களுக்கு அந்தக் காலத்தில என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியாது பிள்ளை. எனக்குத் தெரியும்.”

அக்காவின் புருஷன் சண்டைக் காலத்தில் போய்த் திரும்பி வராதவர். அவவிடம் என்னத்தைச் சொல்ல முடியும்? றொசானா போனைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். இப்படியே நாட்கள் போய், மடு மாதா கோயிலில் திருவிழாக் கொடியும் ஏறிவிட்டது.

மடுத் திருவிழா என்றால் எங்கள் ஊரில் நாய் பூனைதான் மிச்சம். லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் பானை, சட்டி, பாய், விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊரே கிளம்பிவிடும். காட்டுக்குள்ளே ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி மரத்தடி உண்டு. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, ஆனால் மாறுவதும் இல்லை. தண்ணீர்ப் பைப் தாண்டி இருக்கிற பாலை மரங்களுக்குக் கீழே எங்கள் கூடாரங்கள். ஊரில் யாருக்குப் பக்கத்தில் யார் வீடோ அங்கேயும் அப்படித்தான். அந்த நாட்களில் அந்த மரத்தடிக்குப் பெயரே கீரி. “கீரிக்குப் போய் உப்பு வாங்கிக்கொண்டு வா” என்று பக்கத்து மரத்தடியில் இருக்கும் பேசாலை ஊர்க்காரர் பிள்ளைகளை அனுப்புவார்கள், பிள்ளைகள் நேரே எங்களிடம் வரும். ஆக்கள் இருக்கிற இடம்தான் ஊர். எங்களுக்கு அதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

படிவத்துக்குக் கடைசி நாள் திருவிழாவுக்கு மறுநாள். இந்தத் தேதியைப் போட்ட புண்ணியவான் கொழும்பில் எங்கேயோ இருந்திருப்பார். றொசானா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரும் நிலைமை.

“ஒருத்தரும் போடேல்ல. எங்கட கரைக்கு மஞ்சள் அடிக்கப் போறாங்கள்” என்றாள்.

அப்போதுதான் தோமஸ் அண்ணன் அந்த யோசனையைச் சொன்னார். “ஊரில ஆளைப் பிடிக்கேலாது. இஞ்ச எல்லாரும் சும்மாதானே குந்திக்கொண்டிருக்கினம். மாதாவின்ர காலடியில ஆரும் மாட்டன் எண்டு சொல்லமாட்டினம். எழும்பு பிள்ளை.”

நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். யார்தான் நினைக்கவில்லை? மடுவில் எங்கள் ஆட்களுக்கு வேறு மனசு. ஊரில் முகம் பார்க்காதவர்கள் அங்கே ஒரே சட்டியில் கஞ்சி குடிப்பார்கள். றொசானா கூடாரம் கூடாரமாகக் குனிந்து உள்ளே போனாள். பாயில் இருந்து ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். நான் சார்ஜ் போடுகிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரிந்தேன். மாக்கிறட் அக்கா, “மாதாவைப் பாக்க வந்த இடத்திலயும் போனோ?” என்று சத்தம் போட்டா. போட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானே சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்து நீட்டினா. “என்ர பேரை வடிவாப் போடு. கருவாடு எண்டு போடு.”

ஒவ்வொரு முறையும் அந்தப் பச்சைப் பொட்டு வந்தது. இடம் பதியப்பட்டது. நானும் பார்த்தேன், தோமஸ் அண்ணனும் பார்த்தார். எங்கள் இடம் பதியப்படுகிறது என்று எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் இடம் கீரி. அடையாள அட்டையில் கீரி என்றுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் எங்கள் பிட்டம் எந்த மண்ணில் இருக்கிறது என்று ஒருவன் வானத்திலிருந்து பார்த்துக் குறிப்பான் என்று நாங்கள் கனவா கண்டோம்?

சிக்னல் கிடைக்கும் இடம் தேடிக் கோயில் பக்கம் போய் நின்று எல்லாவற்றையும் அனுப்பினாள். திருவிழா அன்று பின்னேரம் நிஷாந்தி மிஸ்ஸின் குரல் பதிவு வந்தது. றொசானா அதைச் சத்தமாகப் போட்டுக் காட்டினாள்.

“றொசானா அக்கா, ஒரு ஊர் முழுசா வந்தது உங்கட ஊர் மட்டுந்தான். கொழும்பு ஒஃபிஸ்ல எண்ணிக்கையைப் பார்த்துட்டுச் சந்தோசப்பட்டாங்க.”

கூடாரங்களில் கைதட்டினார்கள். யாரோ பிளேன்டீ ஊற்றினார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். காட்டுப் புழுதி முகமெல்லாம் படிந்து, கண் சிவந்து, சிரித்துக்கொண்டு நின்றாள். கலியாணத்தன்றுகூட அவள் இவ்வளவு வடிவாக இருந்ததில்லை என்று தோன்றியது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னே ரவுனில் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். சுவரில் தீவைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். நீலம், நீலம், நீலம் என்று கரை ஓடி வந்தது. எங்கள் இடத்துக்கு வந்ததும் மஞ்சள்.

தோமஸ் அண்ணன் எழுந்துவிட்டார். “அது எங்கட பாடு! அது எப்பிடி மஞ்சளாகும்?”

பெரியவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மேடைக்குப் பக்கத்தில் நின்ற நிஷாந்தி மிஸ் அதைத் தமிழில் சொன்னாள். “அந்தக் கரையில இருந்து ஒரு பதிலும் வரல்லைன்னு சேர் சொல்றார்.”

“நாங்கள் முழுப்பேரும் அனுப்பினனாங்கள் மிஸ்!” என்றாள் றொசானா. “ஊர் முழுசா வந்தது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

மிஸ்ஸுக்கு முகம் மாறிவிட்டது. தன் போனை எடுத்து எதையோ தேடினாள். தேடியபடியே மேடையை விட்டு இறங்கி எங்களிடம் வந்தாள். போனை றொசானாவிடம் கொடுத்தாள்.

திரையில் கடலே இல்லை. எல்லாம் காடு. காட்டின் நடுவில் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. றொசானா இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினாள். குவியல் மெல்லப் பிரிந்தது. அவளுடைய விரல் ஒவ்வொரு புள்ளியாகப் போனது.

“இது தண்ணிப் பைப்படி” என்றாள். “இது மாக்கிறட் அக்கான்ர கூடாரம். இது தோமஸ் அண்ணை ஆக்கள்.” பிறகு விரல் ஒரு புள்ளியில் நின்றது. “இது நாங்கள்.”

சட்டலைட் பொய் சொல்லவில்லை. அவ்வளவு சரியாக, அடுப்படி எது வாசல் எது என்று தெரிகிற அளவுக்குச் சரியாக எங்களைக் குறித்து வைத்திருந்தது. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் கரைவலைக்காரர் இருக்க முடியாது என்று கணினி எல்லாப் பதிலையும் பிழை என்று ஒதுக்கிவிட்டதாம். காட்டில் வலை இழுக்க முடியாது என்று எங்களுக்குச் சொல்லித்தர ஒரு கணினி! நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மிஸ் எங்களுக்காக மன்றாடினாள், அதையும் சொல்ல வேண்டும். திருவிழா என்றால் என்ன, ஊரே எப்படிக் காட்டுக்குப் போகும் என்றெல்லாம் சிங்களத்தில் விளங்கப்படுத்தினாள். பெரியவரும் தலையாட்டினார். அவரும் போன வருஷம் மடுவுக்கு வந்தவராம், மாதா மேல் பக்தியாம். ஆனால் படம் மேலே போய்விட்டது, படிவம் மூடியாகிவிட்டது, இனி அடுத்த கணக்கெடுப்பில்தான் என்றார். அடுத்தது எப்போது என்று கேட்டோம். அது அவருக்கே தெரியவில்லை.

பங்குச் சுவாமியார் கடிதம் எழுதினார். சங்கத்தால் கடிதம் எழுதினோம். தோமஸ் அண்ணன் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அலைந்து, கால் வீங்கித் திரும்பி வந்தார். போன இடமெல்லாம் மரியாதையாகக் கதைத்தார்களாம். இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்களாம். நிஷாந்தி மிஸ்ஸுக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஒருநாள் றொசானாவுக்குப் போன் எடுத்து அழுதாள். இடத்தை எழுத வேண்டாம் என்று தான் சொன்னது மேலிடத்து உத்தரவு என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் போய் நின்றேன்.

ஊரில் ஒருவரும் றொசானாவைக் குறை சொல்லவில்லை. நீ என்ன செய்வாய் பிள்ளை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் இன்னும் சிறுத்துப் போனாள். என்னிடமாவது ஏசுங்கோ என்றாள் ஒருநாள். யாரை ஏசுவது? எனக்குள் இருந்த ஆத்திரத்துக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை. கிடைத்த முகமெல்லாம் நல்ல முகமாக இருந்தது.

மாசி பிறந்ததும் எங்கள் கரைத் துண்டில் சீமெந்துத் தூண்கள் வந்தன. கம்பி வந்தது. காவலுக்கு நின்றவன் வெளியூர்க்காரன், தன்மையான ஆள். எங்களைக் கண்டதும் எழுந்து, “குறை நினைக்காதீங்க அண்ணே, உள்ள விட வேணாம்னு சொல்லியிருக்காங்க” என்றான். கம்பிக்கு அந்தப் பக்கம் நாங்கள் இழுத்த மண். வேலிக்கு வெளியே ஒரு பெரிய பலகை நட்டிருந்தார்கள். பாய் விரித்த சின்னப் படகு, சிரிக்கிற வெள்ளைக்காரர், கீழே மூன்று மொழியிலும் எழுத்து. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். பக்கத்தில், போனைக் காட்டினால் படிவம் திறக்கிற அந்தக் கறுப்புச் சதுரம்.

தோமஸ் அண்ணனுக்கு உயிர் வந்தது போல இருந்தது. “பிள்ளை, கருத்துக் கேக்கினம். இது அவையின்ர சொந்தப் படிவம். நேரா அவைக்குத்தானே போகும்? எடு.”

“வேண்டாம் அண்ணை.”

“எடு பிள்ளை. ஒருக்காச் சொல்லிப் பாப்பம்.”

மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் என்றேனே. போனைச் சதுரத்துக்கு நேரே பிடித்தாள். மண்டபத்து நாளுக்குப் பிறகு அவள் படிவம் ஒன்றைத் தொடுவது அதுதான் முதல் தடவை. நாங்கள் சுற்றி நின்றோம். காற்றில் கேட்காது என்று சத்தமாக வாசித்தாள்.

“எமது கடற்கரையில் எவ்வளவு காலம் தங்கினீர்கள்? ஒரு நாள். ஒரு வாரம். அதற்கு மேல்.”

“அதுக்கு மேல” என்றார் தோமஸ் அண்ணன்.

“நீங்கள் வந்த நோக்கம். ஓய்வு. படகு விளையாட்டு. பறவை பார்த்தல். பொழுதுபோக்கு மீன்பிடி.” நிறுத்தினாள். “வேற ஒண்டும் இல்லை அண்ணை.”

“எழுதுறதுக்கு ஒரு இடமும் விடேல்லையோ?”

“இல்லை. தொடுறது மட்டுந்தான். தொடாட்டி அங்கால போகாது.”

அவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். ஊரே அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. “அப்ப மீன்பிடியைத் தொடு” என்றார்.

றொசானா தொட்டாள். அடுத்தது வந்தது. அதை அவள் உடனே வாசிக்கவில்லை. நான் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கடைசிக் கேள்வி. மீண்டும் இங்கு வருவீர்களா? ஆம். இல்லை. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.

“என்ன பிள்ளை கேக்கினம்?”

அவள் வாசித்தாள். மாக்கிறட் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டா. தோமஸ் அண்ணன் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஓம் எண்டு போடு” என்றார்.

றொசானா அழுதுகொண்டே ஆம் என்பதைத் தொட்டாள். வருகைக்கு நன்றி என்று வந்தது. நான் அவளுடைய கையிலிருந்து போனை வாங்கி அணைத்தேன். அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதைத் தவிர எனக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.